போலந்துக்குத் திரும்புகிறவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிகாகோவின் வடமேற்குப் புறநகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். பக்கத்து வீட்டில் போலந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். 69 வயது. 1986ல் இங்கே வந்து, வீடுகளுக்குக் கூரை போடும் வேலை செய்து, சொந்த வீடு வாங்கி, ஒரே மகளைப் படிக்க வைத்தவர். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருபது நிமிடத் தொலைவில்தான் இருக்கிறார்கள். இப்போது வீட்டை விற்றுவிட்டு, போலந்தின் தெற்கே மலைப்பக்கமாக இருக்கும் தன் கிராமத்துக்கே போகிறார். "அங்கேதான் வாழ்க்கை நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுக்கு பில் வராது" என்கிறார்.

உலகமே இங்கே வரத் துடிக்கும்போது, இத்தனை ஆண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒருவர் திரும்பிப் போவது எனக்குப் புரியவில்லை. இது முதுமையின் ஏக்கமா, அல்லது அவர் சொல்வது உண்மைதானா? இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மேல்?

ஒருமுறை வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் சாவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கே., சிகாகோ

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் வழி அதற்குள்தான் இருக்கிறது.

1986ல் போலந்திலிருந்து சிகாகோவுக்கு வந்த கூரை வேலைக்காரர் பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் வந்திருப்பார். வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆனாலும் வந்த மறுவாரமே வேலைக்குப் போய்விடுவார்கள். விசா முடிந்த பிறகும் தங்கிவிடுவார்கள். இவர்களுக்கென்று போலிஷ் மொழியில் ஒரு பெயரே இருக்கிறது: 'வகாத்சியுஷ்'. விடுமுறையைக் கழிக்க வந்தவர் என்று பொருள். ஆண்டுக்கணக்கில் ஞாயிறு பாராமல் ஏணி ஏறிய மனிதர்களுக்கு அந்தப் பெயர். இப்படித் தங்கியவர் ஒருமுறை வெளியே போனால் மறுபடி விசா வாங்குவது நடக்காத காரியம். அம்மா இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தால் தாராளமாகப் போகலாம், திரும்பத்தான் முடியாது. திரும்பாவிட்டால் ஊரில் பாதியில் நிற்கும் வீடும், தம்பியின் படிப்பும், தங்கையின் கல்யாணமும் அப்படியே நின்றுவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கதை வேறாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டையும் அந்த ஊர்ப்பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று என் மனம் சொல்கிறது.

அந்தக் காலத்துப் போலந்தை நினைத்துப் பாருங்கள். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. சர்க்கரைக்கு 1976லேயே ரேஷன் அட்டை, இறைச்சிக்கு 1981ல். இன்னது வருகிறது என்று தெரியாமலே கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். அதே தெருவில் 'பெவெக்ஸ்' என்ற அரசுக் கடையில் காபி, ஜீன்ஸ், வெளிநாட்டுப் பொம்மைகள் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும், டாலர் கொடுத்தால் மட்டும் கிடைக்கும். சொந்த நாட்டின் பணத்தைச் சொந்த நாட்டின் அரசுக் கடையே வாங்காது! கள்ளச் சந்தை விலையில் மாற்றிப் பார்த்தால் ஒருவரின் மாதச் சம்பளம் சில பத்து டாலர்கள்தான். சிகாகோவில் ஒரு பெண் ஒரே நாளில் வீடுகளைச் சுத்தம் செய்து அந்தத் தொகையைச் சம்பாதித்துவிடுவாள். அப்போது எது மேல் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நோவி தார்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான்கு நாட்கள் தங்கினேன். போட்ஹாலே என்று சொல்லப்படும் மலைநாடு அது. உங்கள் ஊரின் ஆர்ச்சர் அவென்யூவில் மலைநாட்டுப் போலந்துக்காரர்களின் சங்கக் கட்டடம் ஒன்று மரவீட்டுப் பாணியில் நிற்கிறதே, அந்த மக்களின் பூர்வீகம். நான் தங்கியது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளின் வீட்டில். மூன்று தளங்கள், முழுக்க மரம், செங்குத்தாக இறங்கும் கூரை. கணவர் சிகாகோவில் பதினோரு ஆண்டுகள் உழைத்து அனுப்பிய டாலரில் எழுந்த வீடு. மேல்தளத்தில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். கட்டில், மெத்தை, பூப்போட்ட விரிப்பு. யாரும் ஒருநாளும் படுத்ததில்லை. மகனுக்காகக் கட்டிய அறை. மகனும் பிறகு சிகாகோவுக்கே போய்விட்டான்.

அந்த அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே அஞ்சல் உறைகள். ஓர் உறையில் மெல்லிய வெள்ளைத் தகடு போல ஒன்று இருந்தது. 'ஒப்வாத்தெக்' என்பார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டது; தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பத்தைப் போலவே, ஆனால் நீள்சதுரமாக, மேலே பாலன் பிறந்த காட்சி அச்சாகியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில், வானில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும், குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவரின் அப்பத்தில் ஒரு துண்டு உடைத்து, வாழ்த்துச் சொல்லித் தின்பார்கள். அதன் பிறகுதான் சாப்பாடு. தூரதேசத்தில் இருப்பவருக்கு உறையில் வைத்து அனுப்புவார்கள். அனுப்பும் முன் வீட்டில் உள்ளவர்கள் ஒரு முனையைக் கிள்ளி எடுத்துக்கொள்வார்கள். கிடைத்தவர் மிச்சத்தைத் தின்றால் சேர்ந்து உண்டதாகக் கணக்கு. அந்த அம்மாள் காட்டிய அப்பத்தில் ஒரு முனை இல்லை. கணவருக்கு அனுப்பி, முகவரி மாறியதால் திரும்பி வந்தது. அதை எறியவும் மனமில்லை, தின்னவும் மனமில்லை என்று சொல்லி, பழையபடி உறைக்குள் வைத்தார்.

சம்பளத்தையும் வரியையும் சராசரி ஆயுளையும் ஒப்பிடும் பட்டியல்களை நானும் படிப்பதுண்டு. படிக்கும்போதெல்லாம் அந்த உறைதான் கண்முன் வருகிறது.

இனி உங்கள் வியப்புக்கு வருகிறேன். "தூக்கிப் போட்டுவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்குப் போவதும் திரும்புவதும் போலந்துக்காரர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சேர்ந்தே இருந்தவை. 1870களிலிருந்து முதல் உலகப் போர் வரை ஏறத்தாழ 20 லட்சம் பேர் போனார்கள். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. 1795 முதல் 1918 வரை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கிட்டு வைத்திருந்தன. 'ரொட்டிக்காகப் போனோம்' என்பதுதான் அவர்கள் தந்த ஒரே விளக்கம். நாலு காசு சேர்த்து ஊரில் நிலம் வாங்கித் திரும்புவதே பலரின் திட்டம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படியே திரும்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்.

அவர்களை இழுத்தவை கடிதங்கள். 1854ல் போலிஷ் பேசும் மக்கள் வாழ்ந்த சிலேசியா என்ற பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு குடும்பங்கள் டெக்சாஸுக்குப் போயின. லியோபோல்ட் மொச்சிகெம்பா என்ற பாதிரியார் எழுதிய கடிதங்களை நம்பிப் போனவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஊரும் இல்லை, வீடும் இல்லை. ஆளை மறைக்கும் புல், அதற்குள் விஷப்பாம்பு. ஒரு ஓக் மரத்தடியில் திருப்பலி நடந்தது. பன்னா மரியா என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது. ஆனால் மக்களின் கோபம் பாதிரியார் மீது திரும்பியதால், 1856ல் அவர் அங்கிருந்து வெளியேறினார்.

இன்னொரு சம்பவம் இதைவிட என்னை வாட்டுவது. 1890, 1891ல் அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த கடிதங்களை ரஷ்யத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்துப் பறிமுதல் செய்தார்கள். ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால் உழுவதற்கு யார் இருப்பார்கள் என்ற பயம். சில உறைகளில் கப்பல் டிக்கெட்டே இருந்தது. மனைவிக்கு டிக்கெட் வாங்கி அனுப்பிவிட்டு, அடுத்த கப்பலில் வருவாள் என்று துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பதிலே வரவில்லை. ஊரில் அவளோ, மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். வார்சா ஆவணக் காப்பகத்தில் கிடந்தவற்றில் போரில் எரிந்தவை போக மிஞ்சியவை 1973ல்தான் அச்சேறின.

குடியானவர்கள் எழுதிய கடிதங்களுக்கு ஒரு முறை உண்டு. 'இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்' என்று தொடங்கி, 'என்றென்றும், ஆமென் என்று நீங்கள் பதில் சொல்வீர்கள் என நம்புகிறேன்' என்று எழுதுவார்கள். வாசல்படியில் நின்று சொல்லும் வணக்கத்தைக் காகிதத்தில் எழுதி, பதில் வணக்கத்தையும் தாமே கேட்டுக்கொள்வது. சிகாகோவில் வில்லியம் தாமஸ் என்ற சமூகவியலாளர் இத்தகைய கடிதங்களை விலைகொடுத்துத் திரட்டினார். அவரும் ஃப்ளோரியன் ஸ்னானியெட்ஸ்கியும் சேர்ந்து எழுதிய ஐந்து தொகுதிகள் 1918 முதல் 1920 வரை வெளிவந்தன. அக்காலக் கடிதங்களில் இரண்டு வியப்புகளைக் காணலாம். ஒன்று, தினமும் இறைச்சி. பண்டிகைக்கு மட்டும் இறைச்சியைக் கண்டவர்கள் அதைத்தான் முதலில் எழுதினார்கள். அந்த இறைச்சிக்காகச் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் பத்து மணி நேரம் ரத்தத்தில் நின்றதை எல்லோரும் எழுதவில்லை. மற்றொன்று, தொப்பி. ஊரில் நிலப்பிரபு எதிரே வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும், கையை முத்தமிட வேண்டும். இங்கே மேலாளரின் முன்னால் தலையில் தொப்பியோடு நிற்கலாம். தொப்பியைக் கழற்றாமல் நின்ற அந்தச் சுகத்தை எந்தச் சம்பளக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அமெரிக்கா தந்தவற்றில் மிகப் பெரியதாக நான் நினைப்பது அதைத்தான்.

கென்னடி விரைவுச்சாலையில் நகரத்துக்குள் போகும்போது, புனித ஸ்தானிஸ்லாவ் கோஸ்த்கா தேவாலயத்தின் பக்கத்தில் சாலை வளைவதைக் கவனியுங்கள். 1950களில் சாலை போட வந்தபோது அந்தத் தேவாலயத்தை இடிக்க விடாமல் போராடி, சாலையையே விலகிப் போக வைத்தார்கள் போலந்துக்காரர்கள். கூலிக்காரர்களின் சில்லறையில் கட்டிய தேவாலயம் அது.

சரி, இன்றைய நிலை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. போலந்து 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. வேலையின்மை இப்போது அந்த ஒன்றியத்திலேயே மிகக் குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று. தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 20 நாள், பத்தாண்டு அனுபவம் இருந்தால் 26 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு நாளுக்குக்கூட உத்தரவாதம் தருவதில்லை. பிரசவ விடுப்பு 20 வாரம் சம்பளத்தோடு. அமெரிக்கச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவமனை பில் வீட்டுக்கு வராது என்பதும் உண்மை. ஆனால் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. பொறுக்க முடியாதவர்கள் கைக்காசைக் கொடுத்துத் தனியாரிடம் போகிறார்கள். பழைய வரிசை இறைச்சிக் கடையிலிருந்து மருத்துவர் வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது என்று அந்த மலைநாட்டு அம்மாள் சொன்னார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கும். இரண்டு நாடுகளுக்கும் இடையே ஓய்வூதிய ஒப்பந்தம் 2009ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தைப் போலந்தில் வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீடுதான் கடல் தாண்டி வராது. டாலரில் வரும் தொகை அங்கே போலந்துப் பணமான ஸ்வோட்டியாக மாறும்போது கிராமத்தில் கௌரவமாக வாழப் போதும்.

ஆக, என் கருத்து இது: முப்பது வயதில் இரண்டு கைகளோடு மட்டும் வந்தவனுக்கு அமெரிக்கா நல்ல நாடு. குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் இன்றைய போலந்து நல்ல நாடு. அவர் தன் பலமான ஆண்டுகளை அமெரிக்காவுக்கும் தளர்ந்த ஆண்டுகளைப் போலந்துக்கும் கொடுக்கிறார். பணக் கணக்கில் இதைவிடப் புத்திசாலித்தனம் கிடையாது. எதையும் தூக்கிப் போடவில்லை.

ஆனால் மனக்கணக்கு வேறு. 1986ல் அம்மாவை விட்டு வந்தார். இப்போது மகளை விட்டுப் போகிறார். அந்த மகளுக்குப் போலந்து விடுமுறைக்குப் போகும் ஊர். மகளுடைய போலிஷ் மொழியில் காருக்குப் பெயர் 'காரா'. சிகாகோப் போலிஷில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். போலந்தில் அந்தச் சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் தெரியாமல் போகலாம். போலந்து நல்ல நாடு என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் அங்கே குடியேறப் போவதில்லை. அதை அறிந்துதான் போகிறார். இதில் ஏக்கம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கத்தான் செய்யும். அதற்காக அவர் சொல்லும் காரணங்கள் பொய்யாகிவிடாது.

ஒரு வித்தியாசம் மட்டும் ஆறுதல் தருகிறது. 2019 நவம்பர் 11 முதல் போலந்துக் குடிமக்கள் விசா இல்லாமல் குறுகிய பயணமாக அமெரிக்கா வந்துபோகலாம். அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. பேரனின் பட்டமளிப்புக்கு வரலாம். அவருக்கு ஏதாவது ஆனால் மகள் மறுநாளே போகலாம், போய்த் திரும்பலாம்.

அவர் கிளம்புவதற்குள் ஒரு மாலை அவரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். அன்று வேலியோரம் கேட்காமல் விட்டதைக் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருப்பார். டிசம்பரில் அவர் தன் ஊர்த் தேவாலயத்தில் ஒப்வாத்தெக் வாங்கி, ஒரு முனையைக் கிள்ளிக்கொண்டு, மிச்சத்தை உறையில் வைத்து மகளுக்கு அனுப்புவார். போகும்போது உங்கள் முகவரியையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்