வாளலகு ஓசனிச்சிட்டு: கேள்வி பதில்

கேள்வி: வாளலகு ஓசனிச்சிட்டை (ஹம்மிங்பேர்ட் வகைப் பறவை) எப்படி அடையாளம் காண்பது?

பதில்: எடை 10 முதல் 15 கிராம்தான், அலகோ ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். வாலைக் கழித்துவிட்டால் உடலைவிட அலகே நீளம். இப்படியொரு பறவை உலகில் வேறில்லை. ஆணின் தலை வெண்கலப் பழுப்பு, தொண்டை மின்னும் பச்சை. பெண்ணுக்கு வெளிறிய அடிப்பகுதியில் பச்சைப் புள்ளிகள் இருக்கும். கிளையில் அமரும்போது அலகை அண்ணாந்து பிடித்திருக்கும். அந்த அலகால் தன் இறகைக் கோத இயலாததால், ஒரு காலைத் தூக்கி நகத்தாலேயே சீவிக்கொள்ளும்.

கேள்வி: எங்கே வாழ்கிறது?

பதில்: வெனிசுவேலா முதல் பொலிவியா வரை, ஆண்டிஸ் மலைச்சரிவுகளின் ஈரக் காடுகளிலும் அவற்றின் ஓரங்களிலும், பெரும்பாலும் 2400 முதல் 3100 மீட்டர் உயரத்தில்.

கேள்வி: என் படத்தில் அதன் தொண்டை கறுப்பாக இருக்கிறதே, வேறு இனமா?

பதில்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று சொல்லாமல் நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணடுக்குகள் ஒளியைச் சிதறவிடும் விதத்தால் வருவது. கோணம் மாறினால் பச்சை கறுப்பாகிவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் ஓர் ஓசனிச்சிட்டைப் பார்த்தேன்.

பதில்: அது தேன்சிட்டு. ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன.

கேள்வி: ஊட்டியில் நான் பார்த்தது அந்தரத்தில் நின்றே தேன் குடித்ததே! நிறமும் பச்சை.

பதில்: தேன்சிட்டும் சிறிது நேரம் அப்படி நிற்கும். பச்சை என்கிறீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம்?

கேள்வி: நீண்ட குழாய்ப் பூவும் நீண்ட அலகும் ஒன்றுக்காக ஒன்று வளர்ந்தன என்பது அழகான கதைதானே?

பதில்: கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டிஸின் பாஸிஃப்ளோரா மிக்ஸ்டா என்னும் கொடியின் பூக்குழாய் அவ்வளவு ஆழமானது. அடியிலுள்ள தேனை முறையாக எட்டி, மகரந்தத்தையும் சுமந்து செல்வது இப்பறவைதான்.

கேள்வி (அவரே): அப்படியானால் பூவின் அடியைத் துளையிட்டுத் தேன் திருடும் பறவைகள்?

பதில்: திருடர்கள் உண்டு, ஆனால் துளை வழியே குடிப்பவர் மகரந்தத்தைத் தொடுவதில்லை என்பதால், அவர்களால் கொடிக்கு ஆதாயமில்லை. உங்கள் பக்கம் வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது: இக்கொடியின் உறவினங்கள் சில, இந்த ஒரே பறவையை நம்பியிருப்பதைக் கைவிட்டு, வௌவாலுக்கும் குட்டையலகு ஓசனிச்சிட்டுகளுக்கும் ஏற்றபடி மாறியிருக்கின்றன. ஆகவே இது பிரிக்கவே முடியாத பிணைப்பு என்று நானும் சொல்லமாட்டேன்.

கேள்வி: வால்பாறையில் எடுத்த படத்தை அனுப்பட்டுமா?

பதில்: தேன்சிட்டு.