மொட்டை மாடி டீடெயில் டிராயிங்கில் வாட்டர்ப்ரூஃபிங் மெம்ப்ரேன் தனியாகத் தெரியவே மாட்டேன் என்கிறது. எப்படி வரைவது?

உண்மை அளவில் வரைவதுதான் சிக்கல். 4 மி.மீ. ஏபிபி மெம்ப்ரேன் (தார் வகை நீர்த்தடுப்பு ஷீட்) 1:10 ஸ்கேலில் தாளில் 0.4 மி.மீ. அதன் மேல் விரிக்கும் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் 0.025 மி.மீ. இரண்டையும் இரட்டைக் கோடாக வரைந்தால் பிரிண்டில் ஒட்டிக்கொள்ளும். சைட்டில் அதை ஸ்லாபின் விளிம்புக் கோடு என்றே நினைப்பார்கள்.

மெல்லிய அடுக்குக்கு ஸ்கேலை மறந்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒற்றை பாலிலைனாக (தொடர்ச்சியான ஒரே கோடு) போடுங்கள். மெம்ப்ரேனுக்கு 0.7 மி.மீ. தொடர்கோடு, பாலித்தீனுக்கு 0.35 புள்ளிக்கோடு, வெட்டுப்பட்ட கான்கிரீட் விளிம்புக்கு 0.35, ஹேட்சுக்கு (உள்ளே நிரப்பும் கோடுகள்) 0.13. தடிமனை லைன்வெயிட்டில் (பிரிண்டில் வரும் கோட்டுத் தடிமன்) கொடுப்பது நல்லது. பாலிலைன் அகலமாக 7 என்று கொடுத்தால் 1:10-இல் சரியாக இருக்கும். ஆனால் அதே டீடெயிலை 1:20-இல் வைத்ததும் பாதியாகிவிடும். ஆட்டோகேடில் பிலைன்ஜென் (PLINEGEN) என்ற செட்டிங்கை 1 ஆக வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளிக்கோடு ஒவ்வொரு மூலையிலும் புதிதாகத் தொடங்கிக் குழப்பும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சைட்டுக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான்.

இரு கோடுகளுக்கு நடுவே தாளில் 1.5 மி.மீ. வெள்ளை இடைவெளி விடுங்கள். 1:10-இல் அது 15 மி.மீ. இதை மேலே உள்ள 40 மி.மீ. பாதுகாப்பு ஸ்கிரீடிலிருந்து (சிமெண்ட் கலவை அடுக்கு) எடுத்துக்கொண்டால் முடிவு மட்டம், அதாவது முடிந்த தளத்தின் மேற்பரப்பு, நகராது. ஆனால் அந்த ஸ்கிரீடுக்கு டைமென்ஷன் கோடு போட்டால் 25 என்று காட்டும். எனவே ஸ்லாப் மேல்மட்டம், முடிவு மட்டம் இரண்டுக்கு மட்டும் டைமென்ஷன். உள் தடிமன்கள் குறிப்பில். ப்ரைமரை (மெம்ப்ரேனுக்கு அடியில் பூசும் பூச்சு) வரையவே வேண்டாம், எழுதினால் போதும்.

நீர் கசிவது நடுத்தளத்தில் அல்ல, பெரும்பாலும் ஓரங்களில்தான். டீடெயிலைப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. பிரிண்டின் மேல் பேனாவை வைத்து, கைப்பிடிச் சுவரின் ஒரு முனையிலிருந்து மழைநீர்க் குழாய் வரை எடுக்காமல் மெம்ப்ரேன் கோட்டின் மீதே ஓட்டிப் பாருங்கள். பேனா நிற்கும் இடம் தீர்மானிக்கப்படாத இடம். சுவர் அடியில் 90 டிகிரி மடிப்பு வரைந்திருந்தால், ஷீட் அங்கே விரிசல் விடும். முக்கோணக் கலவைப் பட்டையை வரைந்து கோட்டை அதன் மேல் சாய்த்து ஏற்றுங்கள். முடிவு மட்டத்துக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. ஏறி, சுவரில் வெட்டிய காடிக்குள் நுழைந்து, சீலண்டோடு முடிய வேண்டும். காடிக்கு வெளியே கோடு மொட்டையாக நின்றால் கான்ட்ராக்டரும் அங்கேயே நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் இடத்தை 1:2-இல் தனி டீடெயிலாக எடுங்கள். 4 மி.மீ. அங்கே தாளில் 2 மி.மீ. என்பதால் உண்மைத் தடிமனிலேயே வரையலாம். பக்க ஒட்டு 100, முனை ஒட்டு 150 மி.மீ. வாட்டத்தின் மேட்டுப் பக்க ஷீட்தான் பள்ளப் பக்க ஷீட்டின் மேல் படிய வேண்டும். நீர் ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டால், தலைகீழாக வரைந்திருப்பது உடனே கண்ணில் படும். குழாய் வாயில் கோடு விளிம்போடு நிற்காமல் உள்ளே இறங்கி மடிய வேண்டும்.