மகள் பாட்டுப் படிக்கட்டும், ஆனால் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், சின்ன வயதிலிருந்து பாட்டு, இப்போது பொறியியல் கலந்தாய்வுக்கே வர மாட்டேன், பி.ஏ. இசைதான் படிப்பேன், மேடையிலும் பாடுவேன், பல்கலைக்கழகத்தில் பாட்டும் சொல்லிக்கொடுப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். "இது நடக்கிற காரியமா, நாளைக்கு இவள் யாரையும் எதிர்பார்க்காமல் வாழ முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கிற காரியம்தான். ஆனால் அவள் ஒரே மூச்சில் சொல்கிற அந்த இரண்டும் ஒரே வேலை இல்லை. இரண்டுக்கும் வாசல் வேறு, தகுதி வேறு, பணம் வருகிற விதமும் வேறு.

இரண்டையும் சேர்த்துச் செய்த கர்நாடக இசைப் பாடகர்கள் நம் ஊரில் நிறையப் பேர். டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். இன்று அரசு இசைக் கல்லூரியாக இருக்கிற நிறுவனம் 1949-ல் சென்னையில் தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வர். கே.வி. நாராயணசுவாமியும் அங்கே பேராசிரியராக இருந்தவர். எஸ். ராமநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். அவருடைய சிஷ்யை எஸ். சௌம்யா ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேதியியல் படித்தவர், அப்புறம் இசையில் முனைவர் பட்டம், 2019-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி. இவர்களில் யாருமே பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடகர் ஆகவில்லை, கச்சேரி செய்த பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல ஆசிரியர் ஆகவும் இல்லை. மகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

மேடைக் கணக்கை முதலில் பார்ப்போம். மார்கழியில் சென்னை சபாக்களில் இளம் பாடகர்களுக்குப் பெரும்பாலும் பகல் நேரம்தான் கிடைக்கும், அனுமதி இலவசம், கேட்க வருகிறவர்கள் குறைவு. சன்மானம் வந்தாலும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்து, வண்டி வாடகையும் போனால் கையில் பெரிதாக நிற்காது. அந்த நிலையிலிருந்து மாலைக் கச்சேரிக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று யாராலும் உறுதி தர முடியாது, தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். முக்கியமாக, பணம் கட்டினால் மேடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பணத்தை நல்ல குரு ஒருவரிடம் மகள் கற்பதற்குச் செலவழியுங்கள். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்கு மட்டும் கட்டாயம் போகச் சொல்லுங்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள். அந்தத் தரம் கச்சேரிக்கு மட்டுமல்ல, வேலைக்கும் உதவும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சரி, பல்கலைக்கழகக் கணக்கு. உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு), கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. முனைவர் பட்டமும் இருந்தால் போட்டியில் முன்னே நிற்கலாம். நெட்டில் இசைக்கென்று தனிப் பாடம் இருக்கிறது. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். நன்றாகப் பாடுகிற பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான், ஏனென்றால் பரீட்சையில் ஒரு ஸ்வரம்கூடப் பாட வேண்டாம். 72 மேளத்தின் (தாய் ராகங்களின்) அமைப்பு, பழைய இலட்சண (இசை இலக்கண) நூல்கள், தாளத்தின் அங்கங்கள், வாக்கேயக்காரர்களின் (பாட்டு இயற்றியவர்களின்) வரலாறு, ஆராய்ச்சி முறை என்று எல்லாமே கொள்குறி வினா. முதல் தாளில் தருக்கமும் கணக்கும்கூட வரும். உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது வீண் போகாது. நெட்டோடு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையும் கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டே முனைவர் பட்டம் படிக்கலாம். நிரந்தர வேலை கிடைத்தால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதியத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, அதற்கு மேல் படிகள்.

இன்னொரு வாசலும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2018 யு.ஜி.சி. விதிகளில் கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் இளநிலைப் பட்டம், பெயர் பெற்ற குருவிடம் கற்ற பின்னணி, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு, பாடத்தை விளக்கிச் சொல்லும் திறமை, இவை இருந்தால் நெட் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். வானொலித் தேர்வை வற்புறுத்துவது இதற்காகத்தான். ஆனால் 'ஏ' கிரேடு சும்மா வந்துவிடாது, அதை நம்பி நெட்டை விட்டுவிட வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இசைத் துறைகளில் பணியிடங்கள் குறைவு, ஒருவர் ஓய்வு பெற்ற இடம் நிரம்பாமல் வருஷக்கணக்கில் கிடப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்க நேரலாம். ஆகவே பேராசிரியர் வேலை ஒன்றே குறி என்று வைக்காதீர்கள். கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணி இருக்கிறது, அதற்கு அரசு தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கான சான்றிதழ்களை இப்போதே எழுதி வாங்கி வைக்கலாம். மாவட்ட இசைப் பள்ளிகள் இருக்கின்றன. வீட்டு வகுப்பும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பும் இன்று பல இளம் பாடகர்களின் மாதச் செலவைத் தாங்குகின்றன, அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் மகளுக்குப் பாடப் பிடிக்கும், சரி. சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா? கல்லூரி வகுப்பு குருவின் வீட்டுக் கூடம் மாதிரி இருக்காது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிற சுருதி பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை, ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஆசிரியை தன் ஐந்து கட்டையில் கல்யாணி ராக வர்ணத்தை எடுத்தால் பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே போய் கீழ்க்குரலான மந்திர ஸ்தாயியில் காற்றாகிப்போவார்கள், மேலேயே நின்றால் உச்சக்குரலான தார ஸ்தாயியில் கத்துவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுருதி வைத்தால் யாருக்குமே குரல் முழுதாகத் திறக்காது, ஆசிரியையின் குரல் உட்பட. கூடவே ஒருத்திக்கு வர்ணம் இரண்டு காலமும் தண்ணீராகப் போகும், பக்கத்தில் இருப்பவளுக்கு தொடக்கப் பாடமான ஜண்டை வரிசையே தடுமாறும், பருவ முடிவில் இருவருக்கும் ஒரே வினாத்தாள். ஒருத்தி காந்தார ஸ்வரத்தை அசைக்காமல் தட்டையாகப் பிடிக்கிறாள் என்றால் அது காதில் கேட்கவில்லையா, தொண்டையில் வரவில்லையா என்று கண்டுபிடித்து, வேறு விதமாகப் பாடிக் காட்டி, பத்தாவது தடவையும் முகம் சுளிக்காமல் திருத்த வேண்டும். இதில் ருசி உள்ளவர்களுக்குத்தான் இந்த வேலை. அதனால் இந்த விடுமுறையில் தெருவில் இருக்கிற நாலு குழந்தைகளுக்கு அவளை முதல் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஆன பிறகும் அடுத்த வகுப்புக்கு அவளே ஆசையாகத் தயாராகிறாளா என்று பாருங்கள்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு மணி நேரம் பேசியும் பாடியும் வகுப்பு எடுத்துவிட்டு மாலையில் கச்சேரி செய்கிறவர்களுக்குத் தொண்டை கட்டுவது சாதாரணம். அப்படியே விட்டுவிட்டால் குரல் நாணில் முடிச்சு விழலாம். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் மிளகும் கற்கண்டும் போதாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிட்டு உடனே படுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், புளித்து மேலே வருகிற அமிலம் தொண்டையைக் கெடுக்கும்.

எங்கே சேர்ப்பது என்று கேட்டீர்கள். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, இசைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை இசைக் கல்லூரிகள், திருச்சியில் கலைக்காவிரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். நீங்கள் கும்பகோணத்தில் இருப்பதால் திருவையாறும் திருவாரூரும் பக்கம். ஆனால் நான் ஊரைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். இப்போதைய குருவிடம் வாரம் இரண்டு நாளாவது போய் வர முடிகிற இடமா என்று பார்ப்பேன், ஏனென்றால் பாட்டு அங்கேதான் வளரப்போகிறது. பாடத்திட்டம் பட்டத்துக்கும் நெட்டுக்கும் போதும், ஒரு ராக ஆலாபனையைச் சொந்தக் கற்பனையில் விரிக்கிற மனோதர்மம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டால்தான் வரும். குருவிடமும் நீங்கள் நேரில் போய் ஒன்று கேளுங்கள்: "இவள் குரலும் ஞானமும் மேடைக்குத் தாங்குமா, மறைக்காமல் சொல்லுங்கள்." அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் மதியுங்கள்.

உங்கள் கணவர் சொல்கிற மாதிரி முதலில் ஒரு பி.எஸ்சி. கணிதம், அப்புறம் எம்.ஏ. இசை என்பதும் கெட்ட யோசனை இல்லை. வேறு பட்டம் பெற்றவர்களை எம்.ஏ. இசையில் எந்த நிபந்தனையோடு சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வழியாக இருந்தாலும் 'ஆ' என்று பாடிப் பழகும் காலை அகார சாதகம் ஒரு மணி நேரம் குறையக் கூடாது. 18 வயது ஆனதும் மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. வாங்கினால் அது குரு தட்சிணைக்கும் பஸ் செலவுக்கும் ஆகும். பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவை இப்போதைக்கு ரத்து செய்ய வேண்டாம். குருவிடம் பேசி முடித்த பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் பேசுவதையும் நான் கேட்க வேண்டும்.