பவரா, செட்டில்மெண்டா? அப்பாவுக்கு மறதி தொடங்கிய பிறகு என்ன எழுதலாம்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. டிமென்ஷியா ஆரம்பக் கட்டம் என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. பின்னால் ஹோம் நர்ஸ் செலவுக்கு அதை விற்க வேண்டி வரலாம். தன் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் (விலையில்லாமல் குடும்பத்தாருக்குச் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதச் சொல்கிறார் அண்ணன். பவர் (அப்பா சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) போதும் என்கிறார் அம்மா. எது சரி?

பதில்: பவர் போதாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் அதோடு முடிந்தது. எந்த நாளுக்காக எழுதி வைக்கிறீர்களோ அந்த நாளில் அது வெறும் காகிதம். அப்புறம் வீட்டை விற்க உயர் நீதிமன்றத்துக்குப் போய், உங்களில் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கக் கேட்க வேண்டும். நடக்காத காரியமில்லை, ஆனால் ஹோம் நர்ஸ் சம்பளம் அதுவரை காத்திருக்காது.

சரி, அண்ணன் சொல்வது? அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் வீடு அவர் பெயருக்குப் போன மறுநாளிலிருந்து அதை விற்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, அவருக்கு ஒரு கடன் வந்தால் அதுவும் அந்த வீட்டின் தலையில்தான். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவின் கீழ், கவனிக்கத் தவறினால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஆவண எழுத்தர்கள் வழக்கமாக அடிக்கும் படிவத்தில் 'அன்பினாலும் அபிமானத்தினாலும்' என்று இருக்கும், கூடவே 'எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை' என்றும் இருக்கும். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருக்கவே இருக்காது. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சட்டத்தைத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றது. எதற்கு வம்பு, நிபந்தனையை எழுத்தில் போட்டுவிடுவதே மேல்.

என்னைக் கேட்டால், வீட்டை அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. செலவு என்று வரும்போது அம்மாவே கையெழுத்துப் போட்டு விற்கலாம், கோர்ட் வாசல் ஏற வேண்டாம். அப்பாவுக்கு ஆயுள் முழுக்கப் பராமரிப்பு என்ற வரியும் அதில் இருக்கட்டும். அம்மா கையோடு தன் உயிலையும் இரண்டு சாட்சிகளோடு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அவருக்கும் வயதாகிறது. (நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அண்ணன் பெயருக்குப் போயிருந்தால் அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு என்று எதுவும் மிஞ்சியிருக்காது.)

அப்பாவின் வங்கிக் கணக்கில் அம்மாவையும் சேர்த்துவிடுங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி.

டிமென்ஷியா என்று டாக்டர் எழுதிவிட்டதாலேயே அப்பா கையெழுத்துப் போட முடியாது என்று ஆகிவிடாது. எதில் கையெழுத்திடுகிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவருக்கு அன்றைக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதே நரம்பியல் டாக்டரிடம் பதிவுக்கு முந்தைய நாளோ அன்றைக்கோ சான்றிதழ் வாங்குங்கள். இந்த நோயில் சாயங்காலம் ஆனால் பலருக்குக் குழப்பம் கூடும், அதனால் பதிவு அலுவலகத்தில் காலை டோக்கனாகப் போடுங்கள்.