கேரத்துக்கு ஸ்பான்சர் வருவாரா?

கேள்வி: எங்கள் பகுதி கேரம் போட்டிக்கு ஒரு பெரிய கம்பெனியை ஸ்பான்சராகப் பிடித்துவிட்டால் ஆட்டத்துக்கே விடிவுகாலம் என்கிறார்கள் கிளப் நிர்வாகிகள். கபடிக்கு நடந்தது கேரத்துக்கு நடக்காதா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: நடக்காது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி, யாரோ பேனர் கட்டியதால் எழவில்லை. ஒளிபரப்பிய ஸ்டார் நிறுவனமே மறு ஆண்டு அதை நடத்தும் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. தன் சரக்கைத் தானே கூவி விற்றது. தவிர, கபடியைக் கடைசி வரிசையிலிருந்தும் பார்க்கலாம். கேரம் பலகையோ 74 சென்டிமீட்டர் சதுரம். ஆடுகிறவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலும், ரெட்டுக்கு (சிவப்புக் காய்க்கு) ஃபாலோ, அதாவது அதைத் தொடர்ந்து போட வேண்டிய காய், விழுந்ததா என்பது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. விளம்பர மேலாளர் தலைகளை எண்ணிவிட்டுத்தான் காசோலையில் கையெழுத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சதுரங்கத்துக்கு வந்ததே! உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயை உதறிவிட்டு, ஆட்டக்காரர்கள் காஸ்பரோவும் ஷார்ட்டும் 1993-இல் தொடங்கிய பி.சி.ஏ. அமைப்புக்கு இன்டெல் கம்பெனி வாரிக் கொடுத்தது. 1995-இல் நம் ஆனந்த், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் காஸ்பரோவோடு மோதினார். அந்த ஆண்டோடு இன்டெல் கையை விரித்தது, பி.சி.ஏ. படுத்துவிட்டது. சதுரங்கம் பிழைத்ததென்றால், அது இன்டெல்லை நம்பிப் பிறந்த ஆட்டமல்ல என்பதால்தான்.

கேரத்துக்கு இதுவரை சோறு போட்டது விளம்பரமே அல்ல, வேலை. மூன்று முறை உலகச் சாம்பியனான ரஷ்மி குமாரி, அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் ஊழியர். மாதச் சம்பளம், போட்டிக்கு விடுப்பு: ஆட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்? 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னைப் பெண் காசிமாவுக்கு அப்போது வயது 17. பயிற்சி கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் அப்பா. இப்படிப்பட்ட பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிடுவார்களே, எந்த பேனர் அதைத் தடுக்கும்?

ஆகவே உங்கள் நிர்வாகிகள் கம்பெனிப் படியேறும்போது பந்தல் செலவைக் கேட்க வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு பேருக்கு வேலை கேட்கட்டும். அது கிடைக்காவிட்டால், மாநிலப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் ரயில் டிக்கெட்டையாவது ஏற்கச் சொல்லட்டும். பரிசளிப்பு மேடையில் முதலாளிக்குப் பொன்னாடை போர்த்துவது உங்கள் இஷ்டம்.