தாழ்த்திய ஸ்விஃப்ட் கார் பள்ளத்தில் ஒரு பக்கம் இழுக்கிறது: டை ராடு எண்டு மாற்றினால் போதுமா?

எடுத்ததும் பார்ட்ஸ் வாங்காதீங்க தம்பி. முதலில் வீல் அலைன்மென்ட். காரைத் தாழ்த்த ஸ்பிரிங் மாற்றியதுமே டோ (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) கலைந்திருக்கும். ஒரு அங்குலத்துக்குள் இறக்கியிருந்தால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

அதற்கு மேல் இறக்கினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), டை ராடு (ஸ்டீயரிங்குக்கு ஏற்ப சக்கரத்தைத் திருப்பும் கம்பி; அதன் வெளிமுனை மூட்டுதான் எண்டு) இரண்டுக்கும் வெளிமுனை தூக்கிக்கொள்ளும். இரண்டும் ஒத்த வளைவில் ஏறி இறங்காவிட்டால், தென்காசி ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். ரோல் சென்டரை (திருப்பத்தில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை) சரிசெய்ய லோயர் ஆர்ம் முனையில் நீளத் தண்டு பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) போட்டால், டை ராடு எண்டையும் அதற்குத் தக்கபடி இறக்கியாகணும். ஒன்றை மட்டும் மாற்றினால் இழுப்பு கூடலாம். தண்டு உங்கள் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சரியாக உட்காருதா, ரிம்மில் உரசுதா என்றும் பாருங்க.

சல்லிசா முடிச்சுத் தாரேன்னு பட்டறையில் வெல்டு வைக்கக் கிளம்பினால், சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.