விமானக் கதவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால்

மல்லாவியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கட்டுநாயக்காவில் எல்லாரும் ஏறி, கதவையும் பூட்டிய பிறகு திரும்பத் திறந்தார்கள். எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல நேரம் பிந்தித்தான் வெளிக்கிட்டோம். அம்மா வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தா. அடுத்த மாதம் அவவைப் பலாலியால் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். இப்படித் திரும்ப நடந்தால் இறங்கிவிடுவதா?"

இறங்கத் தேவையில்லை. அன்றைக்கு அவர்கள் செய்தது சரியான வேலை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கதவும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பது விமானி அறையில் தெரியும். ஒன்று பூட்டவில்லை என்று காட்டினாலும் விமானம் நகராது. காரணம் அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும்: கைபிடி கடைசி வரை போயிராது, ரப்பர் விளிம்பில் பட்டியோ குப்பையோ சிக்கியிருக்கும், அல்லது ஈரம் பட்டு உணரி (சென்சர்) பிழையாகக் காட்டும். எஞ்சினியர் திறந்து, துடைத்து, கொக்கிகளையும் ரப்பரையும் பார்த்து, திரும்ப மூடிச் சரிபார்ப்பார். பிறகு பதிவேட்டில் கையெழுத்து வைப்பார். சரிவராவிட்டால் வேறு விமானம் வரும். சில குறைகளுக்கு, அந்தக் கதவைப் பாவிக்காமல், பக்கத்து இருக்கைகளையும் வெறுமையாக விட்டுப் பறக்க விதி இடம் கொடுக்கிறது. அதற்கும் அங்கீகரித்த பட்டியல் உண்டு.

இவ்வளவு கவனம் எதற்கு? 1974 மார்ச் 3 அன்று பாரிசுக்கு அருகே துருக்கி விமானம் ஒன்று விழுந்து 346 பேர் இறந்தார்கள். அதன் சரக்குக் கதவு வெளியில் பார்க்க மூடித்தான் இருந்தது. உள்ளே கொக்கிகள் முழுதாக விழவில்லை. அந்த விபத்தை அறிந்த எவரும் கதவு விஷயத்தில் ஒரு எஞ்சினியரை அவசரப்படுத்த மாட்டார்கள். நேரம் போகிறது என்று முன்னால் நின்று சத்தம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயமும் அம்மாவுக்கு இருக்கலாம். உயரத்தில் பறக்கும் ஜெட் விமானத்தில், உள்ளே இருக்கும் காற்று பயணிகள் கதவின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் 5 தொன்னுக்கு மேற்பட்ட விசையோடு சட்டத்தில் அழுத்திப் பிடிக்கும். எந்த மனிதனாலும் அசைக்க முடியாது. ஆனால் தரையிலும் தரைக்கு அருகிலும் அந்த அழுத்தம் இல்லை. 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தது அதனால்தான். எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஆகவே புறப்படும் முன்பும் இறங்கும் நேரத்திலும் கைபிடியில் கை வைக்கவே கூடாது, பிள்ளைகளையும் விடாதீர்கள். ஜெட் விமானங்களில் கதவை மூடியதும் பணியாளர்கள் அவசரச் சறுக்கியை, அதாவது ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்கும் காற்றுப் பையை, தயார்நிலையில் வைப்பார்கள். அதன்பின் உள்ளிருந்து திறந்தால், காற்று நிரம்பிச் சில வினாடிகளில் அது வெளியே விரியும். கீழே வேலை செய்கிறவர்மேல் அடித்தால் பெரிய காயம்.

கதவோரம் இடைவெளி தெரிகிறதா, பட்டி சிக்கியிருக்கிறதா, கைபிடி வேறு மாதிரி நிற்கிறதா? நீங்கள் தொடாமல், உடனே பணியாளரைக் கூப்பிட்டு எந்தக் கதவு, என்ன கண்டீர்கள் என்று தமிழிலேயே சொல்லிக் கைகாட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். விமானம் மேலே ஏறும்போது 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டாலும் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ரப்பர் விளிம்பில் வரும் சின்னக் கசிவுதான், ஆனால் பதிவாக வேண்டும்.

அப்புறம் பலாலி. சென்னைக்குப் பறப்பது ஜெட் அல்ல, ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம். பயணிகள் பின்பக்கக் கதவால், அதோடு சேர்ந்த படியில் ஏறுவார்கள். அவசர வழிகள் சில முன்வரிசை இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையில் இருந்து திருச்சிக்குப் புறப்பட இருந்த ஏடிஆர் ஒன்றில் ஒரு பயணி அந்தக் கதவைத் தரையில் திறந்துவிட்டார். சோதனை முடித்த பிறகே விமானம் கிளம்பியது. அந்த வரிசையில் இருப்பவர் தேவைப்பட்டால் கதவைத் தானே திறக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த இருக்கை கிடைத்தால், பதிவு மேசையிலேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.